இரண்டு நாள் நான் ரிப்பேர் பார்த்த மேடு

ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தபோது, செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ஒரு ஜவ்வரிசி மில்லின் எடை மெஷின் போர்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று இருக்கிறது, நாலு வருஷமாக ஓடவில்லை, பார்க்க முடியுமா?" என்றார் இயற்பியல் துறை மேடம். காமா என்ற சொல்லைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பவர் சப்ளை, ஆம்ப்ளிஃபயர், ஆசிலோஸ்கோப். "கதிர்மூலத்தை நீங்கள் தொடவே வேண்டாம், அது பெட்டியில் பூட்டி இருக்கும், நான்தான் எடுப்பேன்" என்றார். சரி என்று போனேன்.

கருவி நான் பயந்த அளவுக்கு விசித்திரமானதில்லை. முன்னால் இரண்டு அங்குல விட்டத்தில் ஒரு படிகம். தாலியம் சேர்த்த சோடியம் அயோடைடு, அலுமினிய டப்பாவுக்குள் சீல் செய்தது. காமா கதிர் ஒன்று உள்ளே தன் ஆற்றலை விட்டால் படிகம் ஒரு கணம் மினுங்கும். விட்ட ஆற்றல் எவ்வளவோ அவ்வளவுக்கு மினுக்கல். அதன் பின்னால் ஒட்டிய போட்டோமல்டிப்ளையர் குழாய் அந்த மினுக்கலைப் பல லட்சம் மடங்கு பெருக்கி மின்துடிப்பாகத் தரும். துடிப்பின் உயரத்தை அளந்து, 1024 அறைகளில் எந்த அறைக்கு உரியதோ அதில் ஒரு எண்ணிக்கை கூட்டுவது கடைசிப் பெட்டியின் வேலை. தபால் பிரிக்கிற ஆபீஸ் மாதிரிதான். அறை எண்ணைப் படுக்கையாகவும் எண்ணிக்கையை உயரமாகவும் வரைந்தால் அதுதான் ஸ்பெக்ட்ரம்.

முதல் நாள் துடிப்பே இல்லை. பேனல் மீட்டரில் 750 வோல்ட் காட்டுகிறது, ஆசிலோஸ்கோப்பில் நேர்கோடு. ஹை வோல்ட்டேஜை அணைத்து, கெப்பாசிட்டர் வடியப் பத்து நிமிடம் விட்டு, குழாயின் பின்பக்க சாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளே ரெசிஸ்டர் சங்கிலி. மேலிருந்து கீழே வோல்ட்டேஜைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுப்பது. அதில் இரண்டாவது கட்டத்து ரெசிஸ்டர் ஓப்பன், உள்ளே அறுந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு, மதிப்பு ஏறிப்போய்க் கிடந்தன. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரக்காற்றில் இப்படித்தான் ஆகும். அடிவாரத்தில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் சும்மா விடாது.

ஓடும் சங்கிலியை சாதா மல்டிமீட்டரால் அளக்கக் கூடாது என்பதை இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் சூடுபட்டுத்தான் கற்றேன். ஒவ்வொரு ரெசிஸ்டரும் ஒரு மெகா ஓம். மீட்டரே பத்து மெகா ஓம். அளக்கப் போகிற மீட்டர் தானும் ஒரு ரெசிஸ்டராகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இருக்கிற வோல்ட்டேஜைக் குறைத்துக் காட்டும். அதனால் பவர் இல்லாமல் ஒவ்வொன்றாக ஓம் அளந்து, சங்கிலி முழுவதையும் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டராக மாற்றினேன். அந்த வோல்ட்டேஜைத் தாங்கும் ரகம் கோவையிலிருந்து பஸ் பார்சலில் வர ஒரு நாள் ஆனது. சால்டர் ஃப்ளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்தேன். ஹை வோல்ட்டேஜ் இருக்கும் இடத்தில் ஃப்ளக்ஸ் பிசுக்கும் ஒரு கம்பிதான்.

இப்போது துடிப்பு வந்தது. வந்தது என்ன, கொட்டியது. மூலம் எதுவும் வைக்காமலே வினாடிக்குப் பல ஆயிரம். இரைச்சல் எங்கிருந்து என்று எர்த், கேபிள், கனெக்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு மதியம் வரை ஓட்டினேன். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. கருவி யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ட்யூப்லைட் மட்டும் அணைந்தது. எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிட்டது. படிகமும் குழாயும் சேரும் கழுத்தில் சுற்றியிருந்த கறுப்பு டேப் காய்ந்து வெடித்திருக்கிறது. அதன் வழியே ட்யூப்லைட் வெளிச்சம் ஊசிமுனை அளவுக்கு உள்ளே போயிருக்கிறது. மின்வாரியத்தைத் திட்டாத ஒரே கரண்ட் கட் அதுதான். ஹை வோல்ட்டேஜை இறக்கிவிட்டுப் புது டேப்பை மூன்று சுற்று சுற்றினேன்.

இனிமேல்தான் கதை.

மேடம் பெட்டியைத் திறந்து, இடுக்கியால் சீசியம்-137 மூலத்தை எடுத்துக் கருவி முன் வைத்தார். ஒரு பட்டன் அளவு, பிளாஸ்டிக்கில் சீல் செய்தது. லேபிளில் 1995 என்று இருந்தது. சீசியத்தின் அரை ஆயுள் 30 வருஷம் என்பதால் இப்போது ஏறத்தாழப் பாதி பலம். அது விடும் காமா கதிர் ஒரே ஆற்றலில், 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இனி வெறும் எண் வந்தால் அந்த அலகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் திரையில் ஒரே ஒரு முள் வர வேண்டும், அவ்வளவுதானே? முள் வந்தது, 414-ஆம் அறையில், நன்றாக. ஆனால் அதற்கு இடதுபுறம் ஒரு பள்ளம், பிறகு 300-ஆம் அறை வாக்கில் தோள் மாதிரி ஒரு மேடு, அங்கிருந்து சமவெளி, 115-ஆம் அறையில் இன்னொரு சின்ன மேடு. ஜன்னல் வழியே தெரிந்த சேர்வராயன் மலை விளிம்பைப் பார்த்து வரைந்தது போல இருந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரே உயரத் துடிப்பு உள்ளே போனால் ஒரே உயரம்தான் வெளியே வர வேண்டும். நடுவில் குட்டை குட்டையாக வந்தால் ஆம்ப்ளிஃபயர் சரியில்லை என்று அர்த்தம். ஆடியோ ஆம்ப்ளிஃபயரில் இருபது வருஷம் நான் கற்ற பாடம் அது. மேடம் அன்று மாலையே கிளம்பி ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டார், மூலத்தை மற்றொரு ஆசிரியர் பொறுப்பில் விட்டுவிட்டு. நான் அடுத்த இரண்டு நாள் அந்த மேட்டை "ரிப்பேர்" செய்தேன். துடிப்பின் வால் நீளமோ என்று வடிவச் சீரமைப்பு நேரத்தை மாற்றினேன். அந்த வாலை வெட்டிச் சீராக்கும் போல்-ஜீரோ திருகைத் திருகினேன். துடிப்பு கேபிள் முனையில் எதிரொலிக்கிறதோ என்று அங்கே 50 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். ஆம்ப்ளிஃபயர் சிப்பையே மாற்றினேன். பல்ஸ் ஜெனரேட்டரிலிருந்து ஒரே உயரத் துடிப்பு கொடுத்தால் அப்பழுக்கில்லாத ஒற்றை முள்! சீசியம் வைத்தால் மறுபடி மலை.

அந்தப் பல்ஸ் ஜெனரேட்டர் சோதனையிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கருவி பொய் சொல்லவில்லை என்று அது சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை.

மேடம் திரும்பி வந்து திரையைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க ரெண்டு நாளா அழிக்கப் பார்த்ததுதாங்க எங்க பாடமே." சாக்பீஸை எடுத்தார்.

காமா கதிரும் எக்ஸ் கதிரும் ஒரே ஜாதி ஒளிதான். படிகத்துக்குள் அது ஒரு எலக்ட்ரானிடம் முழுவதையும் கொடுத்துவிட்டு மறைந்தால் 662-இல் எண்ணிக்கை. ஆனால் பல நேரம் அப்படி நடப்பதில்லை. கோலிக்குண்டு போலத் தட்டி, எலக்ட்ரானுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியோடு வேறு திசையில் போய்விடுகிறது. மீதி படிகத்தை விட்டு வெளியேறினால், எலக்ட்ரான் வாங்கியது மட்டும் நமக்குத் தெரியும். லேசாக உரசினால் கொஞ்சம் கொடுக்கும். நேருக்கு நேர் மோதித் திரும்பினால் அதிகம் கொடுக்கும். அந்த அதிகபட்சம் 478. அதற்கு மேல் ஒரே மோதலில் எலக்ட்ரானுக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் தோள் அங்கே அறுந்து பள்ளம் விழுகிறது. 662 முள் 414-ஆம் அறையில் என்றால் அறை ஒன்றுக்கு 1.6; அப்படிக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 478 விழுவது 299-ஆவது அறை.

"அப்ப 115-ஆம் அறையில இருக்கிற குட்டி மேடு?"

"115-ஐ 1.6-ஆல பெருக்குங்க."

184. அதோடு 478-ஐக் கூட்டினால் 662. படிகத்துக்குள் நேருக்கு நேர் மோதித் திரும்பும் கதிர் 184-ஐ எடுத்துக்கொண்டு போகிறது, 478-ஐ விட்டுச் செல்கிறது. மூலத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் மோதித் திரும்பும் கதிர் அதே 184-ஓடு படிகத்துக்குள் வந்து, முழுதாக மாட்டிக்கொள்கிறது. ஒரே மோதல், ஒரு முறை கொடுத்ததைப் பார்க்கிறோம், ஒரு முறை மிஞ்சியதைப் பார்க்கிறோம்.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். கோலி மோதினால் வேகம் குறையும், இதற்கும் வேகம் குறையுமா? "குறையாது. ஒளி ஒளி வேகத்துலதான் போகும். அலைநீளம் நீளும், அவ்வளவுதான்" என்றார். அங்கேதான் கோலி உவமை முடிந்துபோகிறது. நீளும் அளவுக்கு ஒரு சூத்திரம் உண்டு: 2.43 பைக்கோமீட்டரை (பைக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்து வருவதால் பெருக்க வேண்டும். 90 பாகையில் திரும்பினால் சரியாக 2.43; நேர் பின்னால் திரும்பினால் அதில் இரட்டிப்பு. எனக்கு வேடிக்கையாகப் பட்டது என்னவென்றால், உள்ளே வரும் கதிர் எதுவானாலும் நீட்சி அதேதான். எந்தப் பொருளில் மோதினாலும் அதேதான். எலக்ட்ரானின் எடை மட்டும்தான் அந்த 2.43-க்குள் ஒளிந்திருக்கிறது.

ஆனால் அதே நீட்சி ஒருவருக்குப் பெரும் தொகை, ஒருவருக்குச் சில்லறை. பச்சை வெளிச்சத்தின் அலைநீளம் ஐந்து லட்சம் பைக்கோமீட்டருக்கு மேல். அதில் இரண்டு கூடினால் யாருக்குத் தெரியும்? ஆர்தர் காம்ப்டன் என்ற இயற்பியலாளர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இதை அளந்தபோது எடுத்துக்கொண்டது மாலிப்டினத்தின் எக்ஸ் கதிர், ஏறத்தாழ 71 பைக்கோமீட்டர். கிராஃபைட்டில் மோதவிட்டு, 45, 90, 135 பாகைகளில் கால்சைட் படிகத்தால் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு கோணத்திலும் இரண்டு கோடு: ஒன்று பழைய இடத்தில், ஒன்று தள்ளி. கோணம் கூடக் கூட இரண்டாவது கோடு விலகிப் போனது. பழைய இடத்துக் கோடு ஏன் என்றால், அணுவோடு இறுக்கிக் கட்டிய எலக்ட்ரானில் மோதும் கதிர் முழு அணுவையும் தள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவு எடையில் நீட்சி ஒன்றுமே இல்லாத மாதிரி. 1923-இல் வெளியிட்டார், 1927-இல் நோபல். ஒளி அலைதான் என்று உறுதியாக இருந்த பலரையும் ஒளித்துகளை ஏற்கவைத்த வேலை அது. நம்ம திருச்சிக்காரர் ராமன், கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பிப்ரவரியில் வெளிச்சத்திலேயே நிறம் மாறும் சிதறலைக் கண்டது அந்த நோபலுக்கு அடுத்த வருஷம். அது வேறு கதை, அங்கே மூலக்கூறு அதிர்ந்து ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. ஆனால் காம்ப்டனின் பேச்சு அப்போது இயற்பியல் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

மாலிப்டினத்தின் கதிரை எங்கள் கருவியில் வைத்தால் பயனில்லை. 17.4 இருப்பது 90 பாகையில் 16.9 ஆகும், அவ்வளவுதான். சோடியம் அயோடைடு படிகத்தால் அந்த இடைவெளியைப் பிரிக்கவே முடியாது. 662-இன் அலைநீளமோ வெறும் 1.87 பைக்கோமீட்டர். அதோடு 2.43 சேர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆற்றல் 288-க்கு இறங்கும். இது கண்ணுக்கே தெரியும்.

அடுத்த நாள் எனக்குள் ரிப்பேர்காரன் விழித்துக்கொண்டான். மேடு சுவரிலிருந்து வருகிறது என்றால் சுவரை எடுத்துவிட்டால் போக வேண்டுமே? ஆய்வக மேடை கருங்கல் பலகை, சுவரோடு பதித்தது. கருவியைத் தூக்கி அறையின் நடுவில் ஒரு மர ஸ்டூலில் வைத்தோம். 105 முதல் 130 வரையான அறைகளில் பத்து நிமிடத்து எண்ணிக்கை, மூலம் இல்லாதபோது வருவதைக் கழித்த பிறகு, 21,300. மேடு இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பிறகு மூலத்துக்குப் பின்னால் ஓர் உபரிக் கருங்கல் பலகையை நிறுத்தினோம்: 31,600. மேடு எழுந்து நின்றது!

வண்டியில் மில்காரர் கொடுத்த ஐந்து கிலோ ஜவ்வரிசிப் பை இருந்தது. அதையும் வைத்துப் பார்க்கலாமே என்றேன். ஆய்வக உதவியாளர் அண்ணன் பதறிவிட்டார். "தம்பி, அதை அப்புறம் யாரு திங்கிறது?" சீல் செய்த மூலத்தின் காமா கதிர் பட்டால் ஜவ்வரிசி கதிரியக்கமாக மாறாது, வெயில் பட்ட துணி ராத்திரியில் வெயில் அடிக்காது என்று மேடம் விளக்கினார். அண்ணன் நம்பவில்லை. ஆனாலும் ஆய்வகத்துக்குள் வந்த தின்பண்டம் திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது என்பது அங்கே விதி என்று மேடமும் சொன்னதால், கடைசியில் ஜெயித்தது அண்ணன்தான். அந்தப் பை இன்றும் அந்த ஆய்வக அலமாரியில் இருக்கிறது, "சிதறல் மாதிரி" என்று லேபிளோடு.

ஜவ்வரிசி: 27,900. வெறும் மாவு உருண்டை கருங்கல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் யோசித்தால் சரிதான்; இந்த மோதலில் கதிர் பார்ப்பது எலக்ட்ரானை மட்டும். ஒரு கிராம் ஜவ்வரிசியிலும் ஒரு கிராம் கல்லிலும் எலக்ட்ரான் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான்.

அப்படியானால் எடை மிகுந்த ஈயம் எல்லோரையும் தோற்கடிக்க வேண்டும். ஈயக்கட்டியை வைத்தோம்: 23,000 மட்டும். ஈய அணு, சிதறித் திரும்பும் 184-ஐ வெளியே விடாமல் தானே விழுங்கிவிடுகிறது. விழுங்கியதற்கு அடையாளமாக 47-ஆம் அறைப் பக்கம் புதிதாக ஒரு சின்ன முள் வந்தது. 75, ஈயத்தின் சொந்த எக்ஸ் கதிர். அதுவரை நான் திரையில் பார்த்ததிலேயே அழகானது அதுதான் என்பேன்.

எக்ஸ்ரே எடுக்கும் அறையில் டெக்னீஷியன் ஏன் ஈயக்கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்கிறார் என்பது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. எக்ஸ்ரே குழாய் நோயாளியைத்தான் பார்க்கிறது, டெக்னீஷியனை அல்ல. ஆனால் நோயாளியின் உடம்பே ஜவ்வரிசி மூட்டை மாதிரி கதிரை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. 60-இல் போகும் எக்ஸ் கதிர் பக்கவாட்டில் 90 பாகையில் திரும்பினாலும் 54 மிச்சமிருக்கும். பெரிதாக இளைத்துப்போவதில்லை.

கடைசியாகக் கோணச் சோதனை. லேத் பட்டறையில் இரண்டு சென்டிமீட்டர் விட்டத்தில் அலுமினியத் தண்டு வெட்டி வாங்கினேன். மேசையில் வட்டம் வரைந்து, நடுவில் தண்டு, ஒரு பக்கம் ஈயக்கட்டிகளுக்கு நடுவே மூலம், கருவியை வட்டத்தின் மேல் நகர்த்துவது. மூலத்துக்கும் கருவிக்கும் இடையில் நேர்வழி இல்லாமல் ஐந்து சென்டிமீட்டர் ஈயம். பாதி பலத்துச் சீசியத்தில் இது பொறுமைச் சோதனை. தண்டு வைத்து இரண்டு மணி நேரம், தண்டை எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.

முதல் முயற்சி வீண். கழித்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் ஜோடியாக வந்தன. சித்திரை வெயில் ஏற ஏற 662 முள்ளே 414-ஆம் அறையிலிருந்து 405-ஆம் அறைக்கு நகர்ந்துவிட்டிருக்கிறது. படிகத்தின் மினுக்கலும் குழாயின் பெருக்கமும் சூட்டில் குறைபவை. நகர்ந்த படத்திலிருந்து நகராத படத்தைக் கழித்தால் வேறென்ன வரும்? அதனால் விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். அளவீட்டைச் சரிபார்க்கக் கோபால்ட்-60 மூலமும் இருந்தது, அதே 1995. ஆனால் கோபால்ட்டின் அரை ஆயுள் ஐந்தே கால் வருஷம். ஐம்பதில் ஒரு பங்கு மிச்சம் இருந்தால் அதிகம். 1173, 1332 என்ற அதன் இரண்டு முள்ளையும் பிடிக்க ஒரு டீ, இரண்டு வடை நேரம்.

60 பாகையில் சூத்திரம் சொல்வது 402. எங்களுக்கு 397. 90 பாகையில் 288 வர வேண்டும், 291 வந்தது. அலைநீளமாக மாற்றினால் நீட்சி 1.25, 2.39 பைக்கோமீட்டர். வர வேண்டியவை 1.21, 2.43. மேடு மெலிசாக இல்லாமல் அகலமாகத்தான் வந்தது. தண்டும் படிகமும் பருமனாக இருப்பதால் 90 என்று நாம் சொல்லும் இடத்தில் 80-உம் 100-உம் கலந்துவிடுகின்றன. கருவியை இன்னும் தள்ளி வைத்தால் மெலியும், ஆனால் எண்ணிக்கை இறங்கி, இரண்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகும். அதற்குள் வெயில் வந்துவிடும்.

120 பாகை பாக்கி. அந்த இடத்தில் கருவி மூலத்தின் ஈயக்கட்டிமேலேயே இடிக்கிறது. கட்டிகளைக் குறுக்கலாக அடுக்க இன்னும் நாலு வேண்டும், கல்லூரியில் இல்லை. செமஸ்டர் தேர்வும் வந்துவிட்டதால் மேசை வட்டத்தில் 120 என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு வந்தேன். பில்லில் ரெசிஸ்டர், டேப், தண்டு, மூன்று நாள் கூலி. ஆம்ப்ளிஃபயர் சிப்பைச் சேர்க்கவில்லை. பழையது நன்றாகத்தான் இருந்தது, என் டப்பாவில் கிடக்கிறது.